யார் வாசித்தது என்று பாருங்கள்

நம் ஊரில் ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது படத்தின் பெயர். அப்புறம் இசையமைப்பாளர், பாடியவர், திரையில் ஆடியவர். பேஸ் கிட்டார் யார், மிக்ஸிங் யார் என்று யாரும் கேட்பதில்லை. சினிமாப் பாட்டைக் கேட்க அவ்வளவு போதும். படமே இல்லாத பாட்டைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் கைகொடுக்காது. "இப்பல்லாம் தமிழில் இண்டின்னு என்ன இருக்கு, ஒண்ணும் கண்ணில் படலையே" என்று நண்பர்கள் சொல்லும்போது, அவர்கள் இன்னும் படத்தின் பெயரை வைத்தே தேடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் புதுப் பாடகர்களும் குழுக்களும் கிடைத்தது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதில் வேலை செய்த எல்லோர் பெயரையும் பார்ப்பேன். அவர்கள் வேறு எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று தேடிப் போவேன். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் வரும், ஆனால் அது பாதி நேரம் அரைகுறை. யூடியூபில் வீடியோவுக்குக் கீழே விரித்துப் பார்த்தால் விவரம் கூடுதலாகக் கிடைக்கும். சின்னக் குழுக்கள் அங்கே எல்லோருக்கும் நன்றி சொல்லியிருப்பார்கள், ஷூட்டிங் அன்றைக்குச் சாப்பாடு வாங்கி வந்த நண்பன் உட்பட.

இந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறேன். கபேர் வாசுகி. அவருடைய 'அழகு புரட்சி' பாட்டுகளைக் கேட்டால் ஓர் அறையில் கிட்டாரோடு உட்கார்ந்து, யாருக்கும் கேட்க வேண்டும் என்ற அவசரமில்லாமல் பாடுவது போலிருக்கும். அவரைத் தேடினால் 'குரங்கன்' குழு வரும். அதில் கூட இருந்தவர் டென்மா. டென்மாவைத் தேடினால், இயக்குநர் பா. இரஞ்சித்தும் அவரும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்த அந்தக் குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், கலைஞர்கள் 19 பேர். ஒரு பாட்டிலிருந்து கிளம்பியவனுக்கு இங்கே தேட 19 பெயர் கிடைத்துவிட்டது.

அவர்களில் ஒருவர் ராப் பாடகர் அறிவு. 2019-இல் அவரும் ஓஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஊரில் பெரும்பாலோர் அறிவைத் தெரிந்துகொண்டது 2021 மார்ச்சில், பாடகி தீயோடு அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்த பிறகு. நடுவே இரண்டு வருஷம் அந்த ஆல்பம் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. இன்னொருவர் இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் தன் குரலை நிறுத்தியவர், 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவரைக் கேட்டவர்கள் அங்கிருந்து வடசென்னையின் சாவு வீட்டுக் கானாவுக்குப் போவார்கள். போயே ஆக வேண்டும், அதைக் கேட்காமல் சென்னையின் இசையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கபேர் வாசுகியிடமிருந்து இன்னொரு பக்கமும் போகலாம். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017-இல் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' அவர் எழுதியது. மெட்டமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா. அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கு நடுவே நின்று பாடிய அந்த வீடியோவில் தொடங்கி ஸ்ரீராம்குமாரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு டிசம்பர் மாத சபாவில் வயலின் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்திருப்பீர்கள். கானாவுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் நடுவே ஒரே ஆளின் பெயர் இருக்கும் என்று எந்த ஆப்பும் எனக்குச் சொல்லியிருக்காது.

'லா பொங்கல்' குழுவையும் இப்படித்தான் பின்தொடர வேண்டும். நாட்டுப்புறப் பாட்டுகளைப் புது வாத்தியங்களோடு எடுத்துவந்த அந்தக் குழுவில் டர்புகா சிவாவும் பிரதீப் குமாரும் இருந்தார்கள். 2017 தொடக்கத்தில் 'மறுவார்த்தை' என்ற சினிமாப் பாட்டு வெளியானபோது இசையமைப்பாளர் பெயரை 'மிஸ்டர் எக்ஸ்' என்று மறைத்துவிட்டார்கள். ஊரே யார் யார் என்று ஊகித்துக்கொண்டிருந்தது, கடைசியில் பார்த்தால் டர்புகா சிவா. பெயரை மறைத்த பிறகுதான் நம் ஜனங்கள் பெயரைத் தேடினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கை.

"அவனும் சினிமாவுக்குப் போயிட்டான்" என்று உதட்டைப் பிதுக்கும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் கிடையாது. சென்னையில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டும், ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் காசு கொடுக்க வேண்டும். இண்டியிலிருந்து போன ஷான் ரோல்டன் 2014-இலிருந்து படங்களுக்கு இசையமைக்கிறார். 2023-இல் கோக் ஸ்டூடியோ தமிழின் முதல் சீசனைப் பொறுப்பேற்று நடத்தியவரும் அவர்தான். படத்தில் சம்பாதித்துச் சொந்தப் பாட்டில் செலவழிப்பது இங்கே பலருடைய வழக்கம். ரசிகன் செய்ய வேண்டியது, படத்துக்குப் போனவருடைய பழைய பாட்டுகளை மறக்காமல் இருப்பது.

இண்டி என்ற பெயரில் வருவதெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியவை அல்ல. 2024-இல் 'கட்சி சேர' வந்தது. அதை இசையமைத்துப் பாடிய சாய் அபயங்கர், பாடகர்கள் திப்பு, ஹரிணி தம்பதியின் மகன். பாட்டை வெளியிட்டது திங்க் மியூசிக். நல்ல பாட்டுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கல்யாண வீட்டுக்கும் ரீல்ஸுக்கும் தானே வந்து சேர்ந்துவிடும். உங்கள் நேரத்தை அப்படி வந்து சேராதவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். தமிழ் ராப் என்று இங்கே பேச்சு சூடுபிடிப்பதற்கு முன்பே, 2006-இல், மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்துவிட்டது. இன்றைக்கும் கோலாலம்பூர்ப் பையன்கள் போடும் பாட்டில் பாதியை நாம் கேட்பதே இல்லை.

ஆப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது: 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. பெரிய பாடகர்களுக்கு 1000 என்பது ஒரு பொருட்டே இல்லை, போன மாதம் முதல் பாட்டைப் போட்ட பெண்ணுக்கு அது மலை. அதனால் புது ஆள் என்றால் இருபது வினாடியில் தள்ளிவிடாதீர்கள், ஒரு தடவையாவது முழுக்கக் கேளுங்கள். பிடித்திருந்தால் லைக் போட்டு, அவர்களைப் பின்தொடருங்கள். இன்னொன்று: பாடகர்களே தங்கள் பக்கத்தில் போட்டு வைத்திருக்கும் பிளேலிஸ்டுகளைப் பாருங்கள். கம்பெனி போடும் பட்டியலைவிட எனக்கு அதில்தான் நல்ல பெயர்கள் கிடைத்திருக்கின்றன. தன் பாட்டோடு நண்பர்களின் பாட்டையும் சேர்க்காத பாடகர் அபூர்வம்.

கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய காது பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும், வராவிட்டால் பாட்டில் ஏதோ குறை என்று நினைக்கும். பல இண்டிப் பாட்டுகளில் பல்லவியே இருக்காது. சிலதில் பாடுகிறவரின் மூச்சு கேட்கும், கிட்டார் கம்பியில் விரல் உரசுவது கேட்கும், பின்னணியில் மின்விசிறிகூடக் கேட்கும். நான் முதல் தடவை ஹெட்போனில் வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்பேன், அடுத்த தடவை பஸ்ஸில் ஜன்னலோரம், வேறு எதுவும் செய்யாமல். ராப் என்றால் வரிகளைப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வரமாட்டேன், தெருவின் பேச்சு வேகத்தில் போகும் சொல்லைக் காது பாதிதான் பிடிக்கும். இரண்டாம் தடவைக்குப் பிறகும் பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். புது ஆள் என்பதற்காகச் சுமாரான பாட்டைப் பாராட்டுவது பிச்சை போடுவது மாதிரி, வாங்குகிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆனாலும் ஹெட்போனில் கிடைப்பது பாதிதான். நேரில் போக வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்து மீனவக் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவுக்கு டிக்கெட்டே இருந்ததில்லை. 2020 டிசம்பரில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'யில் பறையும் ஒப்பாரியும் கானாவும் ராப்பும் அடுத்தடுத்து வரும். ஒரே மாலையில் இத்தனை புதுப் பெயர்களை நேரில் பார்க்க இப்படிப்பட்ட இடங்கள்தான் வசதி. மற்றபடி காபி கடை மாடிகள், கல்லூரி விழாக்கள், நாடகக் குழுக்களின் ஒத்திகைக் கூடங்கள்.

அப்படி ஒரு காபி கடை மாடியில் நடந்தது இது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள், அதில் பாதி குழுவினரின் வகுப்புத் தோழர்கள், முதல் வரிசையில் டிரம்ஸ் வாசிக்கும் பையனின் அம்மா. ஏசி சத்தம் மைக்கில் விழுகிறது என்று சவுண்ட் பார்ப்பவர் அதை அணைத்துவிட்டார், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது பாட்டு நடுவே கிட்டார் அடங்கிப்போய் டிரம்ஸும் பேஸும் மட்டும் வெகுநேரம் ஓடின. பாடகி மைக்கை விட்டுத் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் "சினிமாப் பாட்டு ஒண்ணு போடுங்கப்பா" என்றார். எந்த ஷோவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பேஸ் வாசிக்கும் பையன் சிரித்துக்கொண்டே ராஜா பாட்டிலிருந்து ஒரு துண்டு வாசித்தான், கைதட்டல் பறந்தது. அவர்களுடைய சொந்தப் பாட்டுக்கு அவ்வளவு கைதட்டல் விழவில்லை.

ஷோ முடிந்து டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த பையனிடம் போனேன். "தம்பி, அந்த மூணாவது பாட்டு எங்க கிடைக்கும்?"

"இன்னும் ரிலீஸ் பண்ணலண்ணா. ரெக்கார்டிங் முடிஞ்சுது. மிக்ஸிங்குக்குக் காசு சேரணும்."

வாசலருகே ஒரு மேசையில் டி-ஷர்ட்டுகள், பக்கத்தில் ஜிபே கியூஆர் கோடு ஒட்டிய அட்டை. அங்கே நின்றவர்கள் சொற்பம். செல்ஃபி எடுக்க நின்றவர்கள் அதிகம்.

புது இசைக்காரருக்குக் காசு உண்மையில் போய்ச் சேரும் வழிகள் குறைவு. டிக்கெட், மேசைமேல் இருக்கும் டி-ஷர்ட், நேரடியாக விற்கும் பாட்டு. பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், மீதியில் பணப் பரிமாற்றக் கட்டணம் போக எல்லாம் இசைத்தவருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கி சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். தமிழ்க் குழுக்கள் அங்கே குறைவு, இருக்கிறவர்களிடம் வாங்கிவிடுங்கள். ஷோ நடத்துகிறவர் தெரிந்தவர் என்பதற்காக பாஸ் கேட்காதீர்கள். நாற்பது பேர் வரும் ஷோவில் பத்து பேர் பாஸ் என்றால் வேன் வாடகைகூடத் தேறாது. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு "சும்மா வந்து ரெண்டு பாட்டு பாடிட்டுப் போங்க" என்பது அதைவிட மோசம். சமையல்காரரிடம் அப்படிக் கேட்க நமக்கு வாய் வராது.

காசு இல்லாத மாதங்களில் நான் எழுதுவேன். "சூப்பர் ப்ரோ, வேற லெவல்" என்று எழுதினால் அது அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. எந்தப் பாட்டில் எந்த இடம், என்ன செய்தது என்று இரண்டு வரி போதும். அந்த மாடிக் குழுவுக்கு, மூன்றாவது பாட்டில் கிட்டார் அடங்கிய இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று எழுதினேன். பாடகியிடமிருந்து பதில் வந்தது: அந்த இடத்தைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் நச்சரிக்கிறார்களாம், பேஸ் வாசிக்கும் பையன் மட்டும் கூடாது என்கிறானாம், என் மெசேஜை அவனுக்கு அனுப்பிவிட்டாளாம்.

ஷோவுக்குப் போகும்போது ஒரு விஷயம். ஏழு மணி என்று போட்டால் எட்டுக்குத்தான் தொடங்குவார்கள். அதற்காக எட்டுக்குப் போகாதீர்கள். பெரிய பெயருக்கு முன்னால் பாடும் ஆள் யாரென்று போஸ்டரில் பொடி எழுத்தில் இருக்கும், அவர் காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டுப் போய்விடுவார். நான் கேட்ட நல்ல பாட்டுகளில் சில அந்த முதல் அரை மணி நேரத்தில் கேட்டவை. ஏழுக்கே போய்விடுங்கள், கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்றும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.