பாரம் எங்கே போகிறது?
(அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்)

கோயிலுக்கு வரும் பிள்ளைகள் சுவாமியைக் கும்பிட்டதும் வெளியே ஓடிவிடுகிறார்கள். தலைக்கு மேலே இருக்கும் பாரத்தை எது தாங்குகிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதை விளக்க ஒரு வெண்கட்டி போதும்.

வெண்கட்டியை நிமிர்த்தி வைத்து மேலே விரலால் அமத்தச் சொல்லுங்கள், தாங்கி நிற்கும். அதையே இரு முனையிலும் பிடித்து வளைத்தால் உடனே முறிந்துவிடும். கல்லின் குணமும் இதுதான். அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தூண்களுக்கு மேல் கிடக்கும் கல் உத்தரம் பாரத்தால் வளையப் பார்க்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. வெடிப்பு அங்கேதான் தொடங்கும். கற்கோயில்களில் தூண்கள் ஏன் நெருக்கமாக நிற்கின்றன என்பதை இனிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இதை நேரில் காட்டக் கடலாதெனிய விகாரைக்குக் கூட்டிப் போகலாம். நமக்குத் தூரமில்லை. நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில், பாறையின் மேல் எழுந்த பௌத்த ஆலயம் அது. அமைத்தவர் கணேஸ்வராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பாசாரியார். அதனால்தான் அதன் கல் தூண்களைப் பார்க்கும்போது நமது கோயில் ஒன்றுக்குள் நிற்பது போலிருக்கும்.

தஞ்சைப் பெருங்கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். அதன் உட்புறம் கூடானது. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி அடுக்கியிருக்கிறார்கள். மேசையில் அப்பியாசக் கொப்பிகளை இரு பக்கமும் அப்படி அடுக்கி வரச் சொல்லுங்கள், நடுவில் சந்திக்கும். அவசரப்பட்டு அதிகம் தள்ளினால் கவிழும்.

மரம் இழுவையையும் தாங்கும். தவுலகலப் பக்கத்தில் உள்ள எம்பெக்க தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்குரியது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தது. போகிறவர்கள் தூண்களின் சிற்பங்களைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மேள மண்டபத்தின் ஒரு முனையில் 26 கைமரங்கள் குடைக் கம்பிகள் போல வந்து ஒரே மர ஆப்பில் சேர்கின்றன. அதற்கு 'மடொல் குருபாவ' என்று பெயர். சரிந்து நிற்கும் கைமரங்கள் கீழே சறுக்கப் பார்க்கும். மேல் நுனிகளை அந்த ஆப்பு விலகவிடாமல் பிடித்திருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னப் பயிற்சி. நான்கு ஈர்க்குகளை நூலால் கட்டிச் சதுரமாக்குங்கள். தொட்டால் சாயும். மூலைக்கு மூலை இன்னுமொரு ஈர்க்கைக் கட்டினால் அசையாது. திருவிழாப் பந்தலுக்கு அலங்காரம் செய்யும் நாம் இந்தக் குறுக்கு மூங்கிலைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறோம். காற்றடித்தால் பந்தலின் கீழ் நிற்பது இந்தப் பிள்ளைகள்தான். அடுத்த முறை பந்தல் கட்டும்போது மூலைகளைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம்.