நம்ம சைக்கிளை நாமே பார்த்துக்கொள்வோம்



2022ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பெட்ரோல் செட்டுகளில் நாள் கணக்கில் வரிசை நின்றது. மூலையில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் பல அப்போதுதான் மறுபடி பாதைக்கு வந்தன. செலவில்லாத வாகனம்தான். ஆனால் பல்லேபொல பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும். ஏற்றத்தில் சைக்கிள் பழுதானால் இறங்கி உருட்டலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் இறங்க நேரம் இருக்காது. ஆகவே பராமரிப்பு என்பது காசு மிச்சம் பிடிக்கும் காரியம் மட்டுமல்ல, உயிர்க் காரியம்.

தேவையான சாமான்கள்: குறடு ஒன்று, ஸ்பேனர் ஒன்று, திருப்புளி ஒன்று, காம்பு தடித்த கரண்டி இரண்டு, பழைய பல் தூரிகை, கிழிந்த பனியன் துணி, ஒரு பேசின் தண்ணீர். பம்பு இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம்.

1. பிரேக்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளுங்கள். பிடித்த சக்கரம் சுழலக் கூடாது. முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியே பார்க்கணும். பிரேக் பிடி கைப்பிடியில் போய் முட்டினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கேபிள் பிரேக் என்றால், கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். ஒருவர் இரண்டு பிரேக் கட்டைகளையும் ரிம்மோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் குறட்டால் கேபிளை இழுத்து நட்டை இறுக்கணும். பிறகு சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். கட்டை ரிம்மில் உரசக் கூடாது, டயரைத் தொடவே கூடாது. கட்டையில் உள்ள வரிகள் தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு போடணும். கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள்.

மழையில் ரிம் நனைந்தால், அதிலும் இரும்பு ரிம் என்றால், பிரேக் பிடிக்க வெகு தூரம் எடுக்கும். இறக்கம் தொடங்குமுன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் ஆளைத் தலைகுப்புறத் தள்ளிவிடும்.

2. பஞ்சர்

கரண்டிக் காம்பால் டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை எடுங்கள். கத்தி, திருப்புளி வேண்டாம், டியூபைக் கிழித்துவிடும். காற்றடித்து, பேசின் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தை அடையாளம் வைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். மணல் கடதாசியால் தேய்த்து, சொலூஷனை மெல்லிசாகப் பூசி, ஈரம் போகும்வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு ஒட்டை வைத்து நன்றாக அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. டியூபைத் திருப்பிப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருந்தால் மறுநாளும் பஞ்சர்தான். வால்வில் குமிழி வந்தால் வால்வு ரப்பரை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

3. செயின்

பல் தூரிகையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் தேய்த்து எடுங்கள். இதை அடுப்பு, விளக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது. துடைத்துக் காய்ந்தபின் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். எந்த எண்ணெயும் ரிம்மில் படக் கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும். செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் அரை அங்குலம் அசையலாம். அதற்கு மேல் தொங்கினால் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கோணாமல் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள்.

கடைக்கே கொண்டுபோக வேண்டியவையும் உண்டு. சட்டத்திலோ முன் கவையிலோ வெடிப்பு, கோணிய ரிம், ஹேண்டில் ஆட்டம், இவற்றில் வீட்டுக் கைவைத்தியம் வேண்டாம்.

இதெல்லாம் ஆம்பிளை வேலை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக் கணக்கில் பாதையில் இறங்கினார்கள். ஓட்டத் தெரிந்த கைக்கு ஸ்பேனர் பிடிப்பது பெரிய வித்தையா?

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். லயத்துக்கு ஒரு பம்பும் ஒரு ஸ்பேனரும் பொதுவாக வாங்கி வைத்தால் எல்லாருக்கும் உதவும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சைக்கிளில் ஏறுமுன் பிரேக்கை ஒருதரம் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், இந்தப் பாடத்தின் பலன் கிடைத்துவிட்டது.