மாத்திரையும் துணையும்

தாம்பரம் பகுதியில் நான் கற்பிக்கும் எட்டாம் வகுப்பில், உடல்நலப் பாடத்தை ஒட்டி ஒரு செயல்பாடு தருகிறேன். வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்டு வர வேண்டும்.

1. இன்று யாருடன் சாப்பிட்டீர்கள்?
2. மாத்திரையை நினைவூட்டுவது யார்?
3. இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் மூன்றாவது கேள்விக்குப் பதில் தயங்கித்தான் வருகிறது.

இது மனக்குறை மட்டுமா, உடல்நலச் சிக்கலுமா என்று வகுப்பில் விவாதிக்கிறோம். தனக்கு மட்டும் சமைக்க அலுப்பதால் உணவு குறைகிறது. மாத்திரை தவறுகிறது. வெளியே நடக்காததால் தசை வலுவிழந்து, கீழே விழும் ஆபத்து கூடுகிறது. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்தது. சமூக உறவு வலுவாக உள்ளோர் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று அது கண்டது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு வருகிறது. அதை நாள்தோறும் போட்டுக்கொள்ள நினைவூட்ட ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலாக மாணவர் இருக்க முடியும்.

ஆசிரியர்கள் கவனிக்க: பதில்களை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம். பெற்றோருக்குத் தெரிந்தே, இருவர் இருவராக அனுப்புங்கள். முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவரச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.