காட்டுக் குட்டி ஐரிஸ்

கேள்வி: அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைக்காட்டில், ஏப்ரலில் அரையடி உயரத்தில் ஊதாப் பூக்கள் கூட்டமாகப் பூத்திருந்தன. ஐரிஸ் கிரிஸ்டாட்டா என்கிறார் ஒருவர், ஐரிஸ் வெர்னா என்கிறார் இன்னொருவர். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும் மூன்று இதழ்களைப் பாருங்கள். அவற்றின் வெள்ளைத் திட்டில் மஞ்சள் வரப்புகள் சேவல் கொண்டை போலப் புடைத்திருந்தால் ஐரிஸ் கிரிஸ்டாட்டா. வழவழவென்று ஆரஞ்சுக் கோடு மட்டும் என்றால் வெர்னா. அதன் இலையும் ஒடுக்கமானது. பூ இல்லாத நாளில் இலை அகலம்தான் துணை.

கிரிஸ்டாட்டாவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பூக்குழல். காம்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி பூவின் அடிக்குழாய்தான்; உண்மையான தண்டு மிகக் குட்டை. இதன் விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதை இழுத்துச் செல்கின்றன. அப்படித்தான் காட்டில் பரவுகிறது. மண்ணை ஒட்டியே ஊரும் கிழங்குத்தண்டும் கிளைவிட்டுச் செடியை விரிப்பாக்கிவிடும். நீங்கள் கண்டது கிரிஸ்டாட்டா என்றால், அந்தக் கூட்டத்துக்கு அதுவே காரணம்.

வளர்க்க ஆசையென்றால் காட்டில் பிடுங்காமல் நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள். அரைநிழல், இலைமக்கு நிறைந்த, நீர் தேங்காத மண் போதும். கிழங்குத்தண்டை ஆழப் புதைத்தால் அழுகிவிடும். மேல்மண்ணில் படுக்கவைத்தாலே வேர் பிடிக்கும். பிரித்து நடுவதைப் பூ முடிந்தபின் செய்யுங்கள்.