கார்டு ஒன்று, பாகம் நாற்பது: வேர்ட்பிரஸில் தரவை அனுப்பும் வழி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் டெய்ம்லரும். இந்த ஆலைகளைச் சுற்றியிருக்கும் ஷீட் மெட்டல், மோல்டிங் யூனிட்டுகளின் இணையதளங்களில் பெரும்பாலும் ஒரு சமாச்சாரம் இருக்கும்: உதிரிபாகக் கார்டு. படம், பாகத்தின் பெயர், தகட்டின் கனம், மெட்டீரியல், அடியில் ‘விலை கேளுங்கள்’ பட்டன்.

முகப்பில் நான்கு கார்டு, தயாரிப்புப் பக்கத்தில் நாற்பது. அதே எச்டிஎம்எல்லை இரண்டு இடத்திலும் ஒட்டிவைத்தால், பட்டனின் நிறத்தை மாற்றச் சொல்லி முதலாளி போன் செய்யும் நாளில் இரண்டையும் தேடித் திருத்த வேண்டும். ஆகவே கார்டைத் தனிக் கோப்பாக வெட்டி, தீமுக்குள் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். வேர்ட்பிரஸ் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

சறுக்குவது அடுத்த படியில், பாகத்தின் விவரங்களைக் கார்டுக்கு அனுப்பும்போது.

கார்டுக் கோப்பை அழைக்கும் ‘கெட் டெம்ப்ளேட் பார்ட்’ ஃபங்ஷன் அதைத் தன் ஸ்கோப்புக்குள் வைத்துத் திறக்கிறது. பக்கத்தில் எழுதிய ‘கனம்’ வேரியபிள் அதனால் கார்டுக்குத் தெரியாது. 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்பு வரும்வரை இதற்கு நேர்வழி இல்லை. குளோபல் வைத்தார்கள், இல்லையென்றால் ‘செட் கொயரி வார்’ வழியாகக் கடத்தினார்கள். கடத்திய மதிப்பு பக்கம் முடியும்வரை அங்கேயே கிடக்கும், அதுதான் வில்லங்கம். முதல் பிராக்கெட்டுக்கு 2 மி.மீ. வைத்துவிட்டு அடுத்த பாகத்துக்கு வைக்க மறந்தால், 1.2 மி.மீ. தகட்டில் அடிக்கும் கிளாம்புக்கும் 2 மி.மீ. என்றே வரும். எர்ரர் வராது. பர்ச்சேஸிலிருந்து யாராவது கேட்டால்தான் உண்டு.

5.5 முதல் அந்த ஃபங்ஷனில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. பெயர், கனம், மெட்டீரியல் எல்லாவற்றையும் ஒரே அரேயாகக் கட்டி அங்கே கொடுத்தால், கார்டுக்குள் ‘ஆர்க்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். டிரேயோடு நகரும் ஜாப் கார்டு மாதிரி, ஒவ்வொரு அழைப்புக்கும் அதன் விவரம் தனி.

மூன்றாவது இடம். முதலாவது கோப்பு, இரண்டாவது அதன் துணைப்பெயர். துணைப்பெயர்தான் இல்லையே என்று அரேயை இரண்டாவதில் தூக்கிப் போடுபவர்கள் நிறைய. வேர்ட்பிரஸ் அதை எழுத்தாக மாற்றி ‘அரே’ என்று முடியும் கோப்பைத் தேடும், கிடைக்காது, சாதாரணக் கார்டையே எடுத்துக்கொள்ளும். கார்டு வரும், உள்ளே காலி. பிஎச்பி எச்சரிக்கை போடத்தான் செய்யும், லைவ் சர்வரில் அதை மறைத்துவைத்திருப்பார்கள். இரண்டாவதில் ‘நல்’ போட்டுவிட்டு மூன்றாவதில் கொடுங்கள்.

கார்டின் முதல் வரியிலேயே ‘டபிள்யூபி பார்ஸ் ஆர்க்ஸ்’ வைத்து, வராத விவரங்களுக்கு இயல்பு மதிப்பு கொடுத்துவிட வேண்டும். பட்டன் வாசகத்துக்கு ‘விலை கேளுங்கள்’ என்று கொடுக்கலாம். அளவுக்குக் கூடவே கூடாது. கனத்துக்கு வெற்று மதிப்புதான். கனம் வரவில்லையா, அந்த வரியே அச்சாகக் கூடாது. ‘எக்ஸ்ட்ராக்ட்’ போட்டு அரேயை உடைத்துக்கொள்ளும் குறுக்குவழியும் வேண்டாம்: எந்த வேரியபிள் எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்குப் புரியாது. அச்சிடும்போது ‘எஸ்க் எச்டிஎம்எல்’, இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சோதிப்பது சுலபம். கனம் உள்ள இரண்டு பாகங்களுக்கு நடுவே கனம் இல்லாத ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுக் கார்டில் மில்லிமீட்டர் தெரிந்தால் எங்கோ பழைய குளோபல் மிச்சமிருக்கிறது.

ஹெடர், ஃபுட்டர், சைட்பார் ஃபங்ஷன்களுக்கும் அதே 5.5-இல் இந்த வசதி வந்தது. அங்கே கோப்புக்கென்று தனி இடம் கிடையாது. துணைப்பெயர் முதலில், அரே இரண்டாவதில்.