இதயத்தைக் காட்டும் காமாக் கருவியும் ஊர்தி மருத்துவமும்

முன்னுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணை செய்பவர் ஆகிய நான்கு கூறுகளும் ஒருங்கே அமைந்ததே மருத்துவம் எனத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வரையறுக்கிறது. இக்கால மருத்துவத்தில் நோயறியும் கருவியை இயக்கும் தொழில்நுட்பரும் அந்நான்காம் கூறினுள் அடங்குவர் எனலாம். நோயாளி கருவியை நாடிச் செல்வதற்கு மாறாகக் கருவியே நோயாளியை நாடி ஊர்தியேறிச் செல்லும்போது இவருடைய பொறுப்புப் பன்மடங்காகிறது. அமெரிக்க நாட்டில் நிலவும் ஊர்தி இதயச் சோதனையைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் கதிரும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ஹால் ஆங்கர் என்பார் 1950-களின் இறுதியில் காமாக் கருவியை உருவாக்கினார். எக்ஸ் கதிர்ப் படத்தில் கதிர் வெளியிலிருந்து உடலுக்குள் செல்கிறது. இங்கோ உடலுக்குள்ளிருந்து வெளிவரும் கதிரைக் கருவி வாங்கிக்கொள்கிறது. ஈயத் துளைத்தட்டின் வழியே நேராக வரும் கதிர்கள், தாலியம் சிறிதளவு கலந்த சோடியம் அயோடைடுப் படிகத்தில் பட்டு மெல்லிய ஒளிப்பொறிகளாகின்றன. படிகத்தின் பின்னுள்ள ஒளிமின் பெருக்கிக் குழாய்கள் அவற்றை மின்துடிப்புகளாக மாற்ற, அவற்றிலிருந்து படம் உருவாகிறது.

இதற்குப் பெரிதும் பயன்படும் கதிரியக்கப் பொருள் டெக்னீசியம்-99எம் ஆகும். செயற்கையாக ஆக்கப்பெற்ற முதல் தனிமம் டெக்னீசியம். 1937-இல் கண்டறியப்பட்ட அதன் பெயரே 'செயற்கையானது' என்னும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. இதன் அரை வாழ்வுக்காலம் 6 மணி நேரமே. இவ்வளவு விரைவில் தேய்வதைத் தொலைவிடங்களுக்கு எவ்வாறு கொண்டு செல்வது? 66 மணி நேர அரை வாழ்வுடைய மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியத்தைத் தருகிறது. மாலிப்டினத்தை ஒரு கலத்தில் அடைத்து வைத்து, வேண்டும்போது டெக்னீசியத்தை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் 1950-களின் பிற்பகுதியில் கண்டனர். இதனைப் 'பசுவில் பால் கறத்தல்' என்றே அத்துறையினர் வேடிக்கையாக வழங்குவர்.

இதயம் விரைந்து துடிக்கும்படி நோயாளியை நடக்கச் செய்தோ, மருந்து கொடுத்தோ, கதிரியக்க மருந்தைக் குருதியில் செலுத்துவர். குருதி நன்கு பாயும் தசை படத்தில் ஒளிரும். பாயாத பகுதி மங்கும். ஓய்வு நிலையிலும் இவ்வாறே படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவர். உழைப்பின்போது மட்டும் மங்கினால் தமனியில் அடைப்பு இருக்கலாம். இரு நிலையிலும் மங்கினால் தசை முன்னரே வடுப்பட்டிருக்கலாம்.

ஊர்தி ஏன்?

சிற்றூர் மருத்துவமனைக்கு இச்சோதனை வேண்டி வாரத்திற்குச் சிலரே வருவர். அச்சிலருக்காக விலைமிக்க கருவியை வாங்குதல், கதிர்ப் பாதுகாப்பு அறை அமைத்தல், பயிற்சி பெற்றோரை அமர்த்துதல் ஆகியவை இயலாத செயல்கள். ஒரே கருவி நாளுக்கு ஓர் ஊராகச் சுற்றிவந்தால் செலவு பகிரப்படுகிறது. முதியோரின் நெடும்பயணமும் தவிர்க்கப்படுகிறது. இம்முறை இருவகைப்படும். ஊர்திக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட கருவியிடம் நோயாளி ஏறிச் செல்வது ஒன்று. ஊர்தியிலிருந்து கருவியை இறக்கி, மருத்துவரின் அறைக்குள் உருட்டிச் செல்வது மற்றொன்று. இரண்டாம் வகைக் கருவிகள் சிலவற்றில் நோயாளி அமர்ந்த நாற்காலியே மெல்லச் சுழலும்.

பயணம் தரும் சோதனை

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சோடியம் அயோடைடுப் படிகம் ஈரத்தை உறிஞ்சிக் கெடும் இயல்பினது. ஆதலால் காற்றுப்புகாத உறைக்குள் வைக்கப்படுகிறது. வெப்பநிலை திடீரென மாறினால் அது விரிசல் விடும். எனவே நோயாளி இல்லாத இரவிலும் ஊர்தியின் குளிர்பதனப் பொறி ஓடவேண்டும். பெருக்கிக் குழாய்களோ வெப்பத்தாலும் மின்னழுத்த மாற்றத்தாலும் தம் அளவில் பிறழ்வன. சாலையின் அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தக்கூடும். கருவி சுழலும் அச்சும் விலகக்கூடும்.

இக்குறைகள் கருவியை நிறுத்திவிட்டால் தீங்கில்லை. சோதனை தள்ளிப்போகும், அவ்வளவே. கருவி இயங்கிக்கொண்டே பொய் சொல்வதுதான் பெருந்தீங்கு. ஒரு குழாய் சோர்ந்தால் படத்தின் ஒரு பகுதி மங்கும்; சுழல் அச்சு விலகினால் நலமான தசையும் குறையுடையதாகத் தோன்றும். மங்கியது இதயமா, கருவியா என்பதைப் படம் தானே சொல்லாது. நலமுள்ளவரை அது வேண்டாத குழாய்ச் சோதனைக்கு அனுப்பிவிடலாம்; நோயுள்ளவரை வீட்டிற்கு அனுப்பிவிடலாம்.

ஆதலின் நோயாளியைப் படம் எடுப்பதற்கு முன் கருவியையே சோதித்தல் வேண்டும். 272 நாள் அரை வாழ்வுடைய கோபால்ட்-57 தகட்டைக் கருவியின் முன் வைத்துப் படம் எடுப்பர். எங்கும் ஒரே சீராகத் தெரிந்தால்தான் கருவியை நம்பலாம். இச்சோதனை நிலையான மருத்துவமனைகளிலும் நாள்தோறும் நடைபெறுவதே. எனினும் இடம்பெயர்ந்த கருவிக்கு இதன் இன்றியமையாமை மிகுதி.

காலமும் காவலும்

காலக் கணக்கும் கருதத்தக்கது. காலை 6 மணிக்கு அளந்த டெக்னீசியம் நண்பகலில் பாதியாகும். மாலை 6 மணிக்குக் கால் பங்காகும். வழியில் 2 மணி நேரம் தாமதித்தாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிடும்.

கதிரியக்கம் பொதுச்சாலையில் பயணம் செய்வதால் சட்டமும் உடன் செல்கிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள், ஊர்திச் சேவையினர் தாம் செல்லும் மருத்துவமனையிலிருந்து எழுத்து வழி ஒப்புதல் பெறவேண்டும் என்கின்றன. கதிர்வீச்சை அளக்கும் மானியை ஒவ்வோரிடத்திலும் பயன்படுத்துமுன் சரிபார்க்கவேண்டும். புறப்படுமுன் பணியாற்றிய இடமெங்கும் கதிர் எச்சம் உள்ளதா என அளந்து உறுதி செய்யவேண்டும் என்றும் கூறுகின்றன. மேலும், உழைப்புச் சோதனையின்போது இதயம் தடுமாறக்கூடும். அதனை எதிர்கொள்ள மருத்துவரும் உயிர்காப்புக் கருவிகளும் அருகிருத்தல் வேண்டும்.

இந்நூற்றாண்டில் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்னும் குறைகடத்தியாலான கருவிகள் புழக்கத்திற்கு வந்துள்ளன. இவை ஒளிப்பொறியின் துணையின்றிக் கதிரை நேரே மின்துடிப்பாக்குகின்றன. பெருக்கிக் குழாய்கள் வேண்டா. எனினும் நாள்தோறும் சோதித்தல் என்னும் கடமை இவற்றுக்கும் நீங்கவில்லை.

முடிவுரை

ஊர்தி மருத்துவம் தொலைவைக் குறைக்கிறது. தரத்தைக் குறைத்தல் ஆகாது. நகரத்து மருத்துவமனைப் படம் எவ்வளவு நம்பத்தக்கதோ, சிற்றூர் வாயிலில் நின்ற ஊர்தியில் எடுத்த படமும் அவ்வளவு நம்பத்தக்கதாதல் வேண்டும். அதற்குப் பொறுப்பாளி, நோயாளி வருமுன் கோபால்ட் தகட்டை வைத்துச் சோதித்து, சீரில்லை எனின் 'இன்று படம் எடுக்க இயலாது' என்று துணிந்து சொல்லும் அந்தத் தொழில்நுட்பரே. காத்திருப்போர் எத்துணைப் பேராயினும் அவர் அதனைச் சொல்லத் தயங்கலாகாது. மருத்துவத்தின் நான்காம் கூறு பிழையாதிருந்தால்தான் ஏனைய மூன்றும் பயன் தரும்.