கேமரா தெருவைப் பார்க்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஷார்ஜாவிலிருந்து நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மேலப்பாளையம் வீட்டுக்கு எட்டு கேமரா, கேமரா வைத்த அழைப்பு மணி ஒன்று, கைரேகைப் பூட்டு ஒன்று. எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி, அடுத்த லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதாகத் திட்டம். உம்மாவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் இருக்கிற வீடு, நினைத்தால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரைச் சொல்லாமல் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். உங்கள் தெருவிலேயே இந்தக் கேள்வியோடு வளைகுடாவில் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

எட்டில் மூன்றை முதலில் அடித்துவிடுங்கள். பட்டாசலில் ஒன்று, மச்சுப்படிக்கு ஒன்று, அடுக்களை வாசலுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறீர்களே, அந்த மூன்றையும்தான்.

பகல் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டுப் பட்டாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. மடியில் சுளவு, சுளவில் வெட்டிய பீடி இலையும் தூளும், பக்கத்தில் கட்டுவதற்கு நூல்கண்டு. அடுத்த வீட்டுப் பெண்கள் புறவாசல் வழியாக வந்து முக்காட்டைத் தளர்த்திவிட்டு உட்காருவார்கள். சுற்றுகிற கை சுற்றிக்கொண்டிருக்க, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், முடுக்கில் புதிதாகத் திரிகிற பையன் யார், கறுப்பு வண்டி யாருடையது என்று தெருவின் முழுக் கணக்கும் அங்கே தீர்ந்துவிடும். மேலே ஒரு கேமரா கண் சிமிட்டினால் அவர்களில் ஒருத்தியாவது நாளை முதல் வருவாளா? வரமாட்டாள். அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் விடவும் மாட்டார். நம்ம வீட்டுக்கு இத்தனை நாள் சம்பளம் வாங்காமல் நடந்த காவல் அத்தோடு நின்றுபோகும். உங்கள் மனைவியும் தன் வீட்டுக்குள்ளேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடமாட வேண்டியிருக்கும். இதைக் கேட்டாலும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார், அதனால்தான் நான் சொல்கிறேன்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த சகோதரர்களுக்கிடையே இதே வழக்கு வந்தது. கூட இருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைத்து ஓட்டுவது அவருடைய அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. கூட்டுக் குடும்பமும் பாகம் பிரிக்காத வளவு வீடுகளும் நிறைந்த நம்ம பக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகப் பொருந்தும்.

உள்ளே வைத்த கேமரா என்ன ஆகும் என்பதற்கு ராஜ்கோட்டைப் பாருங்கள். அதே 2025 பிப்ரவரியில், அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறையில் எடுக்கப்பட்ட பெண்களின் படங்கள் டெலிகிராமில் விலைக்குப் போனது வெளியே வந்தது. திருடியவர்கள் பெரிய மேதைகள் இல்லை. 'அட்மின்123' என்ற கடவுச்சொல்லை மருத்துவமனையில் மாற்றாமலே விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அங்கே கேமராவை மாட்டியவர்களும் பாதுகாப்புக்கு என்றுதான் மாட்டியிருப்பார்கள்.

சரி, வெளியே வைக்கிற கேமராவாவது திருடனைத் தடுக்குமா? கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2019 ஆகஸ்ட் 11 ராத்திரி. அப்போது அது நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சண்முகவேல் ஐயாவின் கழுத்தில் முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து துணியைப் போட்டு இறுக்குகிறான், இன்னொருவன் அரிவாளோடு நிற்கிறான். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த அவர் மனைவி செந்தாமரை அம்மா செருப்பை எடுத்து எறிகிறார், பிறகு கையில் அகப்பட்ட ஸ்டூல், நாற்காலி. கீழே விழுந்த ஐயாவும் எழுந்து சேர்ந்துகொள்கிறார். வந்தவர்கள் அம்மாவின் கையில் வெட்டி, சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். நாடே அந்தப் பதிவைப் பார்த்தது. நாலு நாள் கழித்து சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கையால் விருதும் கிடைத்தது. ஆனால் கேமரா இருந்த வீட்டுக்குத்தான் திருடர்கள் வந்தார்கள். விரட்டியது பிளாஸ்டிக் நாற்காலி. நம்ம ஊரிலேயே 2024 நவம்பரில் அலங்கார் தியேட்டரில் பெட்ரோல் குண்டு வீசினவர்களும் கேமராவில் பதிந்தார்கள். பதிந்தது, தடுக்கவில்லை. முகமூடி போட்டு வருகிறவனுக்குக் கேமராவிடம் என்ன பயம்?

ஆகவே, பணத்தை முதலில் வேறு இடத்தில் செலவு செய்யுங்கள். புறவாசல் கதவு எத்தனை வருஷத்துப் பலகை? தாழ்ப்பாள் திருகாணி இறுகி நிற்கிறதா? ஓர் ஆசாரியை வரச்சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கதவையும் சேர்த்து. முடுக்குப் பக்கம் ஆள் நடந்தால் தானே எரிகிற விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கதவு திறந்தால் அலறுகிற சின்னக் காந்த அலாரமும் அப்படித்தான். கைரேகைப் பூட்டு வேண்டாம். பேட்டரி தீர்ந்த ராத்திரியில் உம்மா அதோடு மல்லுக்கட்ட முடியாது. பீடி இலை வெட்டித் தேய்ந்த விரல் ரேகையைச் சில பூட்டுகள் படிக்கவும் செய்யாது.

இதற்கெல்லாம் பிறகு கேமரா. முன்வாசலுக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று போதும். அங்கிருந்து சுமந்துகொண்டு வராதீர்கள். மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், பிளக்கை மாற்றிக்கொள்ளலாம்; ரிப்பேர் என்றால் வாரண்டி இங்கே செல்லுமா என்பதுதான் கேள்வி. தவிர, இங்கே விற்பனைக்கு வருகிற சிசிடிவி கேமராக்கள் 2025 ஏப்ரல் 9 முதல் இணையப் பாதுகாப்புச் சோதனையும் தேறி வரவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. கடையில் பில்லோடு வாங்கி, பெட்டியில் ஐஎஸ் எண்ணும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைஃபை கேமராவைவிட ஒயர் இழுத்த கேமரா நல்லது. நம்ம வீடுகள் ரயில்பெட்டி மாதிரி நீளம். முன்கட்டில் இருக்கிற ரூட்டரின் சிக்னல் நாலு சுவர் தாண்டிப் புறவாசலுக்குப் போய்ச் சேராது. ஒயர் இழுத்தால் ரெக்கார்டர் பெட்டி ஒன்று வேண்டும். அதை மச்சில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைமீறிய வெள்ளத்தைப் பார்த்த பிறகும் கீழே தரையோரம் ரெக்கார்டரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி இடிமின்னலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைப் பார்க்கச் சொல்லி, சர்ஜ் தாங்கும் பிளக் ஒன்றைப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் போகிற நாளில் ரெக்கார்டரும் ரூட்டரும் இன்வெர்ட்டரில் ஓடவேண்டும். இல்லாவிட்டால் ஷார்ஜாவில் உங்கள் போனில் படம் வராது, நீங்கள் பதறிப்போய் வீட்டுக்குப் போன் மேல் போன் போடுவீர்கள்.

இரண்டு மெகாபிக்சல் கேமரா நான்கு என்றால்கூட ஒரு டெராபைட் வட்டில் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் பதிவு நிற்கும். பிறகு பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். குடும்பமே பதினைந்து நாள் வெளியூர் போகிறது என்றால் இது போதாது. இரண்டு டெராபைட்டாக வாங்குங்கள், போகும்போது காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேமராவைத் தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடி உயரத்தில் மாட்டுவது நல்லது. அதற்கு மேலே போனால் வருகிறவனின் உச்சந்தலைதான் பதியும். கிழக்கு பார்த்த வாசல் என்றால் காலை வெயில் நேராக லென்ஸில் அடித்து, பால்காரர் கறுப்பு நிழலாகத் தெரிவார். கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். ராத்திரி கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை காற்றில் ஆடினால்கூட 'ஆள் நடமாட்டம்' என்று போன் கத்தும். தூக்கத்தை வாங்கப்போய் இருக்கிற தூக்கமும் போகும். வாரம் ஒருநாள் துடைப்பக்குச்சியால் ஒட்டடை அடித்தால் தீர்ந்தது.

எதிர்வீட்டு வாசல் உங்கள் கேமராவில் விழுமே, அதையும் கவனியுங்கள். முடுக்கின் அகலம் உங்களுக்குத் தெரியும். படத்தில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களில் இருக்கிறது. மாட்டும்போதே எதிர்வீட்டு மாமியை அழைத்து, அவர் வாசல் மறைந்திருப்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பின்னால் வரப்போகிற ஒரு சண்டை மிச்சம்.

அப்படியும் திருட்டு நடந்துவிட்டால், திரையில் ஓடுவதைப் போனில் படம்பிடித்து வாட்ஸாப்பில் சுற்றவிட்டால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட அதற்குரிய சான்றிதழ் வேண்டும். ரெக்கார்டரை அப்படியே விட்டு, போலீஸ் வந்து பதிவை எடுக்கட்டும். ரெக்கார்டரின் கடிகாரமும் சரியாக ஓடவேண்டும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

கடைசியாக, போன். கேமரா ஆப்பில் முதலில் பதிகிற எண்ணுக்குத்தான் பெரும்பாலும் முழு அதிகாரமும். மற்றவர்கள் அவர் பகிர்ந்தால் பார்க்கலாம். மாட்ட வருகிற பையன் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டுப் போவது சகஜம். அதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். முதல் எண்ணாக உங்களுடையதைப் போட வேண்டாம். உங்கள் மனைவியுடையது இருக்கட்டும். புறவாசலில் யாரோ தட்டினால் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். ஷார்ஜாவில் அப்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள். உங்களுக்கு எந்தக் கேமராவைப் பகிர்வது என்பதையும் அவரே சொல்லட்டும். வாங்குவதற்கு முன் இந்த வாரமே அவரிடம் பட்டியலைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து